மர அம்புக்கு என்ன பாலிஷ் போடறது? சாரல் வந்தா வளைஞ்சுபோவுது

புளியரை_வில்

அண்ணாச்சிமாரே வணக்கம். ஊரு செங்கோட்டை பக்கம் புளியரை. மேல கோட்டைவாசல் தாண்டுனா ஆரியங்காவு, அதனால ஜூன் பொறந்துட்டா வெயிலைப் பாக்கறதே அபூர்வம். நம்மகிட்ட 35 பவுண்டு இழுவை உள்ள மர வில்லு ஒண்ணு இருக்கு, அதுக்கு அம்பும் நாமளேதான் செய்யுதோம். மெஷின் இறக்குமதியாகி வர்ற பெட்டியில பைன் பலகை வரும்லா, அதுல ரேகை நேரா ஓடுற பலகையா பொறுக்கி சட்டமா அறுத்து, இழைப்புளி போட்டு எட்டுப் பட்டையாக்கி அப்புறம் உருட்டி எடுக்கறது. கனம் 8.7 மில்லி, நீளம் 29 இஞ்சு.

மே மாசம் வரைக்கும் கண்ணை வெச்சுப் பாத்தா நேரா நிக்கி. சாரல் ஆரம்பிச்சு ரெண்டு வாரம் போனா பாதி அம்பு வளைஞ்சுபோவுது, எடையும் கூடுது, அதே குறிக்கு அதே மாதிரி விட்டா இடப்பக்கமா ஒதுங்குது. பெயிண்ட் கடையில கேட்டதுக்கு சீலரும் லேக்கரும் குடுத்தாவ, தின்னர்ல கலந்து அடிச்சா காயும்போதே பால் தெளிச்ச மாதிரி வெள்ளையா பூத்துருது. அது மேல இறகு ஒட்டுனா பசை பிடிக்கல, விரலால நெம்புனா உரிஞ்சு வருது. வீட்ல தாத்தா தேங்கா எண்ணெய தடவி வைல, வெட்டருவா பிடிக்கெல்லாம் அதான் போட்டோம்ங்காரு. ஒரு பக்கம் யூட்யூப்ல லின்சீடு, அதான் ஆளிவிதை எண்ணெய்ங்காங்க, இன்னொரு பக்கம் பியூ, அதான் பாலியூரித்தேன் பூச்சுங்காங்க. நம்ம ஊரு ஈரத்துல நிஜமாவே எது நிக்கும்? இறகு ஒட்டற இடத்துல பாலிஷ் போடணுமா வேண்டாமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

கொழிஞ்சாம்பாறை_ஆசாரி

தம்பி, நானு வில்லு அம்பு பிடிச்சவனில்லைங்க, தச்சு வேலை. ஆனா மரத்துக்கு தண்ணி எப்படி ஏறும்னு தெரியும், அதனால சொல்றேன்.

அந்த வெள்ளை பூக்கறது சீலர் கெட்டுப்போனதால இல்லைங்க. தின்னர் வேகமா ஆவியாகும்போது மேல்பரப்பு குளுந்துபோகுது, அந்த நேரம் காத்துல ஈரம் நெறைய இருந்தா அது அப்படியே பாலிஷ் மேல படிஞ்சு உள்ள மாட்டிக்குது. பாலக்காட்டு கணவாயில ஆடி மாசம் எங்களுக்கும் இதே கதைதான், அந்த மாசத்துல லேக்கர் வேலை ஒத்துக்கவே மாட்டேன். அவசரம்னா கடையில ரிட்டார்டர்னு ஒரு தின்னர் இருக்கு, மெதுவா காயும், கொஞ்சம் கலந்துக்கலாம். இல்லைன்னா வெயில் அடிக்கற ஒரு மத்தியானம் பாத்து அடிங்க, அதுதான் சரி.

தேங்கா எண்ணெய் வேண்டாம். அது எந்தக் காலத்துலயும் காயாதுங்க. எண்ணெயில காயற ஜாதி, காயாத ஜாதின்னு ரெண்டு இருக்கு, அயோடின் மதிப்புன்னு ஒரு கணக்கு வெச்சு சொல்லுவாங்க. தேங்கா எண்ணெய்க்கு அது 10 பக்கம்தான், லின்சீடுக்கு 170க்கு மேல. லின்சீடு காத்துல இருக்கற ஆக்சிஜனை இழுத்து கெட்டியாகும், தேங்கா எண்ணெயும் விளக்கெண்ணெயும் பிசுபிசுன்னு அப்படியே கெடந்து தூசி பிடிச்சு நாறும். வெட்டருவா பிடியை தினம் கையில பிடிக்கறோம், தேஞ்சு வழவழன்னு ஆயிடும், அம்பு அப்படியா? கொல்லம் பக்கம் தோணிக்கு முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் பூசுவாங்க, பூச்சி பொட்டு அண்டாது, ஆனா கையில பட்டா தோலு வெந்துரும், அந்த விஷப்பரீட்சை எல்லாம் வேண்டாம்.

என் கணக்குக்கு டபுள் பாயில்டு லின்சீடு ஆயில்தான். பச்சை லின்சீடு வாங்கிடாதீங்க, அது காய நாள் கணக்கா ஆகும், மழைக்காலத்துல வாரக் கணக்கு. 220 உப்புத்தாள், அப்புறம் 320, அப்புறம் 400, ரேகையோட போக்குலயே தேய்ச்சு, தூசி தட்டிட்டு, முதல் கைக்கு பாதிக்குப் பாதி டர்பன்டைன் கலந்து தேய்ங்க, கால் மணி நேரம் விட்டு மிச்சத்தை சுத்தமா துடைச்சிருங்க. அடுத்த நாள் கலக்காம ஒரு கை. இப்படி மூணு கை போதும்.

முக்கியமா ஒண்ணு சொல்லணும், எண்ணெய் துடைச்ச துணியை சுருட்டி மூலையில போட்டுட்டு போயிடாதீங்க. காயும்போது சூடு வரும், சுருட்டி வெச்சா அந்த சூடு வெளிய போக வழியில்லாம தானா தீப்பிடிக்கும். சும்மா பயமுறுத்தறேன்னு நெனைக்காதீங்க, நெசமாவே நடக்கறதுதான். கொடியில விரிச்சுக் காய வைங்க, இல்ல வாளித் தண்ணியில போடுங்க.

சேரம்பாடி_டீத்தூள்

நான் பந்தலூர் பக்கம், ரோட்டைத் தாண்டுனா வயநாடு. இங்க முள்ளுக்குறும்பர் பழங்குடி ஊர்கள் இருக்கு, அந்தப் பக்கம் குறிச்சியர் பழங்குடி. வில்லும் அம்பும் அவங்க வீட்டுல சாமி சம்பந்தப்பட்ட பொருள், 1802ல வெள்ளைக்காரன் கையில இருந்த பனமரம் கோட்டையை குறிச்சியர் தலைவர் தலைக்கல் சந்து ஆளுங்க அடிச்சப்போ கையில இருந்ததும் இதுதான். வேட்டை 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தோட போச்சு, இப்போ திருவிழாவுலயும் போட்டியிலயும்தான் விடறாங்க.

எங்க பக்கத்து ஊர்ல ஒரு பெரியவர் அம்பு செய்யறதை உக்காந்து பாத்திருக்கேன். அவர் பாலிஷே போடல! வெட்டுன தண்டை அடுப்புக்கு மேல பரண்ல ரொம்ப நாள் போட்டு வெச்சுடுவாரு, புகை ஏறி பழுப்பாயிடும். அப்புறம் தணல்ல காட்டி சூடா இருக்கும்போதே வளைவை கையால நிமிர்த்தி, ஆறற வரைக்கும் பிடிச்சிருப்பாரு. மூங்கில் ஜாதித் தண்டுக்கு வெளித்தோலே கெட்டியா இருக்கறதால அது பாதி வேலைய பாத்துக்குது, அந்தத் தோலை மட்டும் சுரண்டாம விட்டா போதும்.

நீங்க இழைச்சு எடுக்கற பைனுக்கு தோலே கிடையாது, எல்லா நாளமும் திறந்து கெடக்கு. அதனால உங்களுக்கு பாலிஷ் வேணும், அதுல மாத்துக்கருத்து இல்ல. ஆனா பரண் விஷயத்தை மட்டும் அவர்கிட்ட இருந்து எடுத்துக்குங்க. ஈரமான மரத்து மேல பாலிஷ் போட்டா ஈரத்தை உள்ள வெச்சு பூட்டுனதாதான் ஆகும். அடுப்பு இல்லாத வீடுன்னா ஒரு மரப்பெட்டிக்குள்ள 40 வாட் குண்டு பல்பு போட்டு ரெண்டு மூணு நாள் வைங்க, எல்இடி சூடாகாது, பழைய பல்புதான் வேணும். நகை எடை போடற சின்னத் தராசுல தினம் ஒரு தடவை எடை பாருங்க, எடை குறையறது நின்னுச்சுன்னா காஞ்சாச்சு. வளைவை நிமிர்த்தற வேலையும் அப்பவே, பாலிஷுக்கு முன்னாடி முடிச்சிருங்க.

குப்பம்_கடைசல்

எல்லாரும் எண்ணெய் எண்ணெய்ங்கறீங்களே, நம்ம நாட்டு அரக்கு என்ன பாவம் பண்ணுச்சு? நான் சித்தூர் மாவட்டம் குப்பம், வீட்ல தமிழ், கடைத்தெருவுல தெலுங்கு. கடைசல் பட்டறை. வடக்க ஏட்டிகொப்பாக்கா பொம்மை பாத்திருப்பீங்க, கடைசல்ல சுத்தற மரத்து மேல அரக்குக் குச்சியை அழுத்துவாங்க, உரசற சூட்டுலயே உருகி ஒட்டிக்கும், தின்னரும் வேண்டாம் ஸ்பிரிட்டும் வேண்டாம், பூக்கறதுக்கு வழியே இல்ல. 29 இஞ்சு குச்சியை கடைசல்ல மாட்டுனா நடுவுல துள்ளும்தான், அதை ஒத்துக்கறேன். அதனால அம்புக்கு ஷெல்லாக், அதாவது சுத்தம் பண்ண அரக்குச் செதிலை ஸ்பிரிட்ல கரைச்சு துணியால பூசறதுதான் தோது. நம்ம பழைய பிரெஞ்ச் பாலிஷ் அதேதான்.

கால் லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 30 கிராம் செதில், ராத்திரி போட்டா காலையில கரைஞ்சிருக்கும், வடிகட்டிக்கங்க. மெழுகு நீக்குன செதிலா கேட்டு வாங்குங்க, ஏன்னா மெழுகு இருக்கற அரக்கு மேல பின்னாடி பியூ போட்டா பிடிக்காம உரியும். கடையில பாலிஷ் ஸ்பிரிட்னு முழுசா கேளுங்க, வெறும் ஸ்பிரிட்னு கேட்டா ஒரு மாதிரி பாப்பாங்க :) கரைச்சதை வருஷக் கணக்கா வெச்சுக்க முடியாது. பழசுன்னு சந்தேகம் வந்தா கண்ணாடியில ஒரு சொட்டு விட்டுப் பாருங்க, மறுநாளும் ஒட்டுனா தூக்கிக் கொட்டிருங்க. அரக்குக்குன்னே ராஞ்சியில 1924லயே ஆராய்ச்சி நிலையம் போட்டாங்க, நம்மாளுங்க அதை விட்டுட்டு டப்பாவுல வர்றதைத் தேடி ஓடறாங்க.

புளியரை_வில்

எல்லாருக்கும் நன்றி. பெட்டி பல்பு யோசனை பிரமாதம், இன்னைக்கே ஆரம்பிக்கேன். ஆனா இப்போ இன்னும் குழம்புது. ஆசாரி அண்ணாச்சி லின்சீடுங்காவ, குப்பம் அண்ணே அரக்குங்காவ. ரெண்டுல சாரலுக்கு எது? இறகு ஒட்டற கேள்விக்கும் இன்னும் யாரும் பதில் சொல்லல. அப்புறம் ஒரு பைப்புக்குள்ள பாலிஷை ஊத்தி அம்பை முக்கி எடுக்காங்களே, அது நல்லதா?

களியக்காவிளை_30மீட்டர்

தம்பி, நான் இந்தியன் ரவுண்டுங்கற போட்டி வகையில விடறவன், 30 மீட்டரும் 50 மீட்டரும். கார்பன் அங்க ஆகாது, மூங்கில் வில்லு, மூங்கில் இல்லேன்னா மர அம்புதான். களியக்காவிளை மழை உங்க சாரலுக்கு சளைச்சதில்ல, அதனால இத கொஞ்சம் நிதானமா வாசியுங்க.

ஆசாரி அண்ணன் சொன்ன லின்சீடு கைக்கு சொகமா இருக்கும், பாக்க அழகு, மழைத்துளி விழுந்தா உருண்டு ஓடும். ஆனா காத்துல உள்ள ஈரத்தை அது தடுக்கவே தடுக்காது. துளி வேற, ஆவி வேற. புளியரையில அம்பு நனைஞ்சா வளையுது? இல்லல்லா, பீரோவுக்குள்ள சும்மா இருந்தே வளையுது. அப்போ எதிரி ஆவிதான். ஆவியை மறிக்கறதுல அரக்கு கெட்டிக்காரன், குப்பம் அண்ணன் சொன்னது சரி. ஆனா அரக்கு மேல தண்ணி நின்னா வெள்ளைத் தடம் விழும், சித்தூர் வெயில்ல பூட்டுன காருக்குள்ள கெடந்தா இளகி ஒட்டும், கெட்டியா போட்டா வெடிக்கவும் செய்யும். அம்பு நாணை விட்டுக் கிளம்பும்போது நேரா போறதில்ல கேட்டியளா, வில்லுத் தண்டைச் சுத்தி வளைஞ்சு வளைஞ்சுதான் போகும். அந்த வளைவுக்கு ஒத்துப் போகாத எந்தப் பூச்சும் நிக்காது. அதனால அடியில அரக்கு மெல்லிசா ரெண்டு கை, மேல எண்ணெய் வார்னிஷ் ரெண்டு கை. ஜன்னல் கதவுக்கு வெளிப்பக்கம் அடிக்கற வார்னிஷ், இல்லேன்னா எண்ணெய் பியூ, இதுக ரெண்டும் மெதுவா காயும், அதனால பூக்காது, கொஞ்சம் வளைஞ்சும் குடுக்கும். ரெண்டு கைக்கு நடுவுல 400 உப்புத்தாளை லேசா ஓட்டுங்க.

எந்தப் பூச்சும் ஈரத்தை அடியோட நிறுத்தாது, ஏறற வேகத்தைத்தான் குறைக்கும். அதுலயும் பக்கவாட்டுல ஏறறதை விட வெட்டுமுனை வழியா ஏறறதுதான் ரொம்ப வேகம், நாளம் எல்லாம் அங்கதானே வாய் திறந்து கெடக்கு. அழகா நாலு கை அடிச்சுட்டு முனையை விட்டுருவாங்க, பெரும்பாலான அம்பு கெடறது அதுலதான். இரும்பு முனை மாட்டற கூம்புலயும் நாக், அதாவது நாணைக் கவ்வுற பின்முனைத் துண்டு மாட்டற கூம்புலயும் பூச்சு படாம டேப் சுத்தி வைங்க, பசை வெறும் மரத்துலதான் பிடிக்கும். கூம்போட சாய்வு இரும்பு முனைக்கு 5 டிகிரி, நாக்குக்கு 11 டிகிரி, ரெண்டும் வேற வேற. ஒட்டுன பிறகு அந்த விளிம்பைச் சுத்தி வார்னிஷை ஒரு இழுப்பு இழுத்து மூடிருங்க. நாக்கை மரத்துலயே வெட்டுறவங்கன்னா அந்தப் பள்ளத்துக்குள்ள ரெண்டு கை கூடுதலா போடணும்.

இனி இறகு. உங்களுக்கு பசை பிடிக்காததுக்கு மூணு காரணம் இருக்கலாம். பூச்சு முழுசா காயாம மேல மட்டும் காஞ்சிருக்கும், இல்ல வழவழன்னு இருக்கும், இல்ல பசையில உள்ள கரைப்பானே லேக்கரை இளக்கி இருக்கும். கடையில கிடைக்கற இறகுப் பசை பாதிக்கு மேல கரைப்பான் வகைதான், அது லேக்கரைத் தின்னும். அதனால பூச்சு முடிச்சு ஒரு வாரம் தொடாம விடுங்க, மழைன்னா இன்னும் கூட. அப்புறம் இறகு உக்காரற கோட்டுல மட்டும் 400 தாளால மினுக்கம் போற அளவுக்கு உரசிட்டு தூசி துடைச்சு ஒட்டுங்க. எண்ணெய் மட்டும் தேய்ச்ச அம்புன்னா அந்த இடத்துல எண்ணெயே படக்கூடாது, பட்டா எந்தப் பசையும் நிக்காது. முதல்ல ஒரு துண்டுக் குச்சியில ஒட்டிப் பாத்துட்டு டஜன்ல கை வைங்க. இறகோட முன்பக்க நுனியை நூலால சுத்தி அந்த நூலுக்கு மேலயும் வார்னிஷ் தொட்டு வைங்க, இல்லேன்னா என்னைக்காவது அந்த நுனி கையைக் கிழிக்கும்.

பைப்பு நல்லதுதான். முக்கால் இஞ்சு பைப்பு, அடியில மூடி, கால் லிட்டர் பிடிக்கும். வாயில சைக்கிள் டியூப் துண்டை இழுத்துக் கட்டி நடுவுல அம்பைவிட சின்ன ஓட்டை போட்டா மேல வரும்போது மிச்சத்தை அதுவே வழிச்சு விடும். மெதுவா ஒரே சீரா இழுக்கணும், வழியில நின்னா வளையம் விழும். வார்னிஷுக்கு பிவிசி பைப்பு போதும், தின்னர் கலந்த லேக்கரை மட்டும் அதுல ஊத்தாதீங்க, தின்னர் பிவிசியையே கரைக்கும். அதுக்கு இரும்பு பைப்புதான்.

கொழிஞ்சாம்பாறை_ஆசாரி

களியக்காவிளைக்காரரு சொன்ன ஆவிக் கணக்கு சரிதானுங்க, ஒத்துக்கறேன், நானு மேசை நாற்காலி கணக்குலயே சொல்லிட்டேன், அது இப்படி வளைஞ்சு ஓடறதில்ல பாருங்க. பைப்பு விஷயத்துல மட்டும் எனக்கு மனசு ஒப்பல. முக்கி எடுத்தா அடிமுனையில சொட்டு சேந்து ஒரு குமிழ் நிக்கும், எல்லா அம்புக்கும் ஒரே அளவா நிக்காது. ஒரு டஜன் அம்புக்கு கால் லிட்டர் வார்னிஷை பைப்புல திறந்து வெச்சா மிச்சம் தோல் கட்டி வீணாகும். பனியன் துணியை நாலா மடிச்சு, நனைச்சுப் பிழிஞ்சு, நாக் பக்கத்துல இருந்து முனை வரைக்கும் ஒரே இழுப்பா இழுங்க. ஆணியில தொங்கவிட்டுக் காய வைங்க, சாச்சு வெச்சா சாஞ்ச பக்கமே வளையும்.

இன்னொண்ணு, இது பாலிஷ் இல்ல, ஆனா சொல்லாம விட மனசில்ல. 400 தாள் போட்டு முடிச்சதும் வெளிச்சத்துல உருட்டிப் பாருங்க. ரேகை ஒரு பக்கமா ஓடி பாதியிலயே வெளிய போகுதுன்னா அந்தக் குச்சியை ஒதுக்கிருங்க. அது விடும்போது அந்த இடத்துலதான் பிளக்கும், பிளந்த கூர் வில்லு பிடிச்ச கைக்குள்ளயே போகும். பாலிஷ் போட்டா பளபளன்னு மறைஞ்சிரும், ஒடியறது மட்டும் அப்படியேதான் இருக்கும். பலகையை வாளால அறுக்கறதை விட உளி வெச்சுப் பிளந்து எடுத்தா ரேகை போற போக்குலயே வரும்.

களியக்காவிளை_30மீட்டர்

அண்ணன் சொன்ன சொட்டு விஷயம் உண்மைதான், முனையை ஒரு பேப்பர்ல தொட்டு எடுத்தா போயிரும். டஜன் ரெண்டு டஜன்னா துணியே போதும், நான் கிளப்புக்கு மொத்தமா செய்யறதால பைப்பு.

இடப்பக்கம் ஒதுங்கறதைப் பத்தி கேட்டீங்கல்லா, வலது கைக்காரர்னா அம்பு விறைப்பு கூடுனா இடப்பக்கம் போகும், தளர்ந்தா வலப்பக்கம் போகும்னு ஒரு பொதுக் கணக்கு உண்டு. ஈரத்துல மரம் தளரும், அப்போ வலப்பக்கம்ல போணும். உங்களுக்கு இடப்பக்கம் போகுதுன்னா வளைவுதான் காரணமா இருக்கணும், ஊகத்துல விடாம அளந்து பாருங்க. 26 இஞ்சு இடைவெளியில ரெண்டு ஆணி மேல அம்பை வெச்சு, நடுவுல 2 பவுண்டு, அதாவது 907 கிராம் தொங்கவிட்டு எவ்வளவு தொய்யுதுன்னு பாருங்க. 26ஐ அந்தத் தொய்வால (இஞ்சுல) வகுத்தா ஸ்பைன், அதாவது அம்போட விறைப்பு, பவுண்டுல வரும். 35 பவுண்டு வில்லுக்கு முக்கால் இஞ்சு பக்கம் தொய்யணும். மேயில ஒரு தடவை, ஜூலையில ஒரு தடவை அளந்து குறிச்சு வைங்க, எந்தப் பூச்சு தாங்குச்சுன்னு அந்தக் கணக்கே சொல்லிரும். எடை ஒரு டஜனுக்குள்ள 10 கிரெயின், நம்ம கணக்குல 0.65 கிராமுக்குள்ள நின்னா தாராளம்.

புளியரை_வில்

ஆமா அண்ணாச்சி, வலது கைதான், அளந்துட்டு போடுதேன். அரக்கு ரெண்டு, எண்ணெய் வார்னிஷ் ரெண்டு, துணியாலயே. பாதி டஜன் இப்படி, மீதி ஆசாரி அண்ணாச்சி சொன்ன மாதிரி வெறும் லின்சீடு, ரெண்டையும் ஒரே பீரோவுல வெச்சு ஆடி முடிய எடை பாக்கப் போறேன். ஒரே ஒரு கேள்வி பாக்கி, இறகுக்கு என்ன பண்ணுதீங்க? மழையில வான்கோழி இறகு படுத்துருதே. ஒருத்தர் மயில் இறகு கெடக்கு எடுத்துக்கோன்னாரு.

சேரம்பாடி_டீத்தூள்

மயில், கழுகு பக்கமே போகாதீங்க, மயில் 1972 சட்டத்துல முதல் பட்டியல், உதிர்ந்ததுன்னு வனத்துறைக்கு நிரூபிக்கற வேலை நமக்கு எதுக்கு. வாத்து வளக்கறவங்ககிட்ட பெரிய வாத்து றெக்கையில முதல் வரிசை இறகு கேளுங்க, அதுல எண்ணெய் பசை இயற்கையாவே இருக்கறதால வான்கோழியை விட மழை தாங்கும். ஒரு அம்புக்கு மூணும் ஒரே பக்கத்து றெக்கையில இருந்தே எடுங்க, இடதும் வலதும் கலந்தா ஒண்ணு இந்தப் பக்கம் சுத்தும், ஒண்ணு அந்தப் பக்கம் சுத்தும். நனைஞ்சா உதறிட்டு அடுப்பு ஆவியில ஒரு நிமிஷம் காட்டுனா நிமிர்ந்துரும், ஆனா பசையில சூடு படாம பாத்துக்கங்க.